சென்னை ஆய்வு 2006: நடையும் மெட்ஃபார்மினும் சேர்ந்தால் ஏன் இரட்டிப்புப் பலன் இல்லை?

அளவுகோல்:
டாக்டர் அம்பாடி ராமச்சந்திரன் குழு 2006-இல் டயபெட்டாலஜியா இதழில் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை இங்கே பலரும் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: "நடந்தால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28 சதவீதம் குறையும்." எண்களை எடுத்து வைத்துப் பேசினால் கதை அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. அதற்காகத்தான் இந்த இழை.

ஆய்வில் 531 பேர். பெரும்பாலும் ஆண்கள், வேலைக்குப் போகிற நடுத்தர வர்க்கம், வயது 35 முதல் 55. சராசரி பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 25.8. எல்லோருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தச் சர்க்கரை அளவு 140-க்கும் 199-க்கும் (மி.கி./டெ.லி.) நடுவில் இருந்தது. அதையும் இரண்டு முறை சோதித்து உறுதி செய்த பிறகே சேர்த்தார்கள். நான்கு குழு. 3 ஆண்டில் சர்க்கரை நோய்க்குப் போனவர்கள்:

வழக்கமான அறிவுரை மட்டும் (136 பேர்): 55.0%
உணவு, நடை (133 பேர்): 39.3%
மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை (133 பேர்): 40.5%
இரண்டும் சேர்த்து (129 பேர்): 39.5%

இரண்டையும் செய்தவர்களுக்கு ஒன்றை மட்டும் செய்தவர்களைவிட எதுவும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. ஏன்? ஆய்வின் அமைப்பு காரணமா, உடம்பின் காரணமா?

கணக்கன்:
முதலில் எண்களைச் சரிபார்ப்போம். 55.0 – 39.3 = 15.7. அதை 55-ஆல் வகுத்தால் 28.5%. ஒருவருக்குத் தடுக்க எத்தனை பேர் பின்பற்ற வேண்டும் என்பதற்கு 100 ÷ 15.7 = 6.4. மெட்ஃபார்மினுக்கு 6.9, இரண்டுக்கும் சேர்த்து 6.5. கட்டுரையில் உள்ளபடியே வருகிறது.

இப்போது உங்கள் கேள்வி. ஒவ்வொரு குழுவிலும் 130 பேர் சுமார். 39.3-க்கும் 39.5-க்கும் உள்ள வேறுபாட்டின் 95% எல்லையை (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு) போட்டால் இரு பக்கமும் ஏறத்தாழ 12 புள்ளி வருகிறது. அதாவது சேர்த்துக் கொடுத்ததால் உண்மையில் 10 புள்ளி கூடுதல் பலன் இருந்திருந்தாலும் இந்த அளவு ஆய்வால் அதை உறுதியாகப் பிடித்திருக்க முடியாது. "கூடுதல் பலன் இல்லை" என்று நிரூபிக்கப்படவில்லை, "கூடுதல் பலன் தென்படவில்லை" என்பதுதான் சரி.

இன்னொன்று. கட்டுரை 28.5%-க்குத் தரும் எல்லை 20.5 முதல் 37.3. p மதிப்பு (வெறும் தற்செயலாலேயே இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) 0.018. இவை இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. அந்த p மதிப்புக்கு இவ்வளவு குறுகிய எல்லை வராது. குழுவின் எண்ணிக்கையை வைத்துத் தோராயமாகப் போட்டால் 7% முதல் 45% வரை விரிகிறது. முடிவின் திசை மாறாது. ஆனால் "கண்டிப்பாக 20-க்கு மேல்" என்று இதை வைத்து யாரும் அடித்துச் சொல்லக் கூடாது.

குறுக்குக்கேள்வி:
கணக்கன் சார், அப்போ அமெரிக்க ஆய்வில் 58% வந்துச்சே, நம்ம ஊர்ல பாதிதானே? வாழ்க்கை முறை மாற்றம் இந்தியர்களுக்கு வேலை செய்யலைன்னு சிலர் எழுதுறாங்க.

கணக்கன்:
சதவீதத்தை மட்டும் பார்த்தால் வரும் தவறு இது. அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்புத் திட்டம் (2002, 3,234 பேர்): சர்க்கரை நோய்க்குப் போனவர்கள், போலி மாத்திரைக் குழுவில் 100 பேருக்கு ஆண்டுக்கு 11.0, மெட்ஃபார்மினில் 7.8, வாழ்க்கை முறையில் 4.8. சென்னையில் வழக்கமான அறிவுரைக் குழுவிலேயே ஆண்டுக்குச் சராசரி 18 பேர் போல. அங்கே 3 ஆண்டில் போவதைவிட இங்கே வெகு வேகமாகப் போகிறார்கள். அதனால்தான் சதவீதம் சின்னதாக இருந்தும் 6.4 பேருக்கு ஒருவர் என்ற நல்ல எண் வருகிறது.

தவிர அங்கே கொடுத்த பயிற்சி எப்படி? எடையில் 7% குறைக்க வேண்டும், வாரம் 150 நிமிடம் நடக்க வேண்டும், நேரில் 16 பாட அமர்வு. சென்னையில் 6 மாதத்துக்கு ஒருமுறை நேரில், நடுவில் தொலைபேசி. உழைப்பின் அளவே வேறு.

பத்தியம்:
அதோட இன்னொரு விஷயம். ஆய்வுல சேரும்போதே உடல் உழைப்பு வேலை செய்றவங்க, தினமும் அரை மணிக்கு மேல நடக்குறவங்க, சைக்கிள் மிதிக்கிறவங்க, இவங்களை அப்படியே தொடரச் சொல்லிட்டாங்க. அவங்களுக்கு நடைப் பகுதி புதுசா எதையும் சேர்க்கலை. உணவுப் பகுதி மட்டும்தான் மாற்றம். அதனால "நடைக்குக் கிடைச்ச பலன்" அப்படின்னு இந்த 28.5-ஐப் படிக்கக் கூடாது.

உணவு அறிவுரை ரொம்ப எளிமை: மொத்தக் கலோரியைக் குறை, தீட்டிய மாவுச்சத்தையும் கொழுப்பையும் குறை, சர்க்கரையைத் தவிர், நார்ச்சத்தைக் கூட்டு. கீட்டோவும் இல்லை, விரதமும் இல்லை.

இந்த ஆய்வுல என்னைத் தூங்கவிடாத சங்கதி எடை. வாழ்க்கை முறைக் குழுவுல எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. அமெரிக்காவுல சராசரியா 5.6 கிலோ குறைஞ்சது, பலன் வந்தது, சரி. இங்க எடை குறையாமலே பலன் வந்திருக்கு. "எடை இறங்கலையே, அப்போ வீண்"னு நாலாம் மாசம் விட்டுடுறவங்களுக்கு இதைத்தான் காட்டணும்.

மாத்திரைச்சீட்டு:
மெட்ஃபார்மின் பக்கத்தில் அதைவிட விசித்திரம் இருக்கிறது. அமெரிக்க ஆய்வில் கொடுத்தது 850 மி.கி. தினம் இரு வேளை. சென்னையில் முதலில் சிலருக்கு 500 மி.கி. இரு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். தாழ்சர்க்கரை போன்ற அறிகுறிகள் சொன்னதால் 250 மி.கி. இரு வேளையாக இறக்கினார்கள். ஒரு நாளைக்கு மொத்தமே 500. அங்கே கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அமெரிக்க ஆய்வில் பிஎம்ஐ 35-க்கு மேல் உள்ளவர்களுக்கு மெட்ஃபார்மின் 53% குறைத்தது. 30 முதல் 35 வரை 16%. 30-க்குக் கீழ் வெறும் 3%. அந்தக் கணக்கில் சராசரி 25.8 உள்ள சென்னைக்காரர்களுக்கு எதுவுமே கிடைத்திருக்கக் கூடாது. கிடைத்ததோ 26.4%. பிஎம்ஐ என்ற அளவுகோலை நம் ஊர் வயிற்றுக் கொழுப்புக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது ஒரு விளக்கம். இன்னொரு விளக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இதில் போலி மாத்திரை கிடையாது. யாருக்கு எது என்று எல்லோருக்கும் தெரியும். மாத்திரை சாப்பிடுகிறவர் தட்டையும் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

அளவுகோல்:
சேர்ந்தும் கூடாததற்கு உடம்பு வழியில் விளக்கம்?

மாத்திரைச்சீட்டு:
மூன்று சாத்தியம்.

ஒன்று, மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் இரவில் அவிழ்த்துவிடும் குளுக்கோஸைக் குறைக்கிறது. இந்த ஆய்வில் இருப்பவர்களின் கோளாறு குளுக்கோஸ் குடித்த பின் 2 மணி நேரத்தில் தெரிவது, பெரும்பாலும் தசை இன்சுலினுக்குக் காட்டும் எதிர்ப்பும் இன்சுலின் தாமதமாகச் சுரப்பதும். நடை அதைச் சரிசெய்கிறது. அதற்கு மேல் மாத்திரைக்கு வேலை குறைவு.

இரண்டு, பின்னாளில் சிறு ஆய்வுகளில் மெட்ஃபார்மின் சாப்பிட்டுக்கொண்டே உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இன்சுலின் உணர்திறன் (உடம்பு இன்சுலினுக்கு இணங்கும் அளவு) உயர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. ஆள் எண்ணிக்கை சிறியது, ஆகவே இதை வைத்து மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள்.

மூன்று, நடை, மாத்திரை கொடுத்த மூன்று குழுவிலும் சுமார் 40% பேர் நோய்க்குப் போயே விட்டார்கள். இதே குழு 2009-இல் டயபெட்டிஸ் கேர் இதழில் எழுதியது: தப்பியவர்களுக்கு இன்சுலின் உணர்திறன், சுரப்பு இரண்டும் மேம்பட்டன, போனவர்களுக்கு இரண்டும் சரிந்தன. கணையத்தில் சுரக்கும் திறன் ஏற்கெனவே தீர்ந்துகொண்டிருப்பவருக்கு இரண்டு எளிய வழிகளைச் சேர்த்தாலும் அந்தச் சரிவு நிற்காது.

குறுக்குக்கேள்வி:
அப்போ வேற மருந்து சேர்த்துப் பார்க்கலையா?

மாத்திரைச்சீட்டு:
பார்த்தார்கள். இரண்டாம் கட்ட ஆய்வு, 2009, 407 பேர். எல்லோருக்கும் வாழ்க்கை முறை, பாதிப் பேருக்கு அதோடு பியோகிளிட்டசோன் என்ற இன்னொரு சர்க்கரை மருந்து 30 மி.கி., மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. 3 ஆண்டில் 29.8%-க்கு 31.6%. ஒன்றுமில்லை. பிற நாடுகளில் அதே வகை மருந்துகள் நன்றாகத் தடுத்திருந்தும் இங்கே இல்லை.

சோதனைக்குழாய்:
எல்லோரும் மாத்திரையையே பிடித்துத் தொங்குகிறீர்கள். இந்த ஆய்வு யாருக்குப் பொருந்தும் என்று யாராவது கேட்டீர்களா? 2 மணி நேர அளவு 140–199 உள்ளவர்களுக்கு மட்டும். மாஸ்டர் செக்கப்பில் ஃபாஸ்டிங் 108 வந்தது, எச்பிஏ1சி (3 மாதச் சராசரிச் சர்க்கரை) 5.9 வந்தது என்று வருகிறவருக்கு இந்த 6.4 என்ற எண் சொந்தமில்லை. அவர் 75 கிராம் சோதனை செய்யாதவரை எந்தப் பக்கம் என்றே தெரியாது.

அந்தச் சோதனையை நாம் எப்படிச் செய்கிறோம்? பாதி இடத்தில் தவறாக.

குளுக்கோஸின் எடை. 75 கிராம் என்பது நீரற்ற குளுக்கோஸ். கடையில் கிடைக்கும் பொடி பெரும்பாலும் மோனோஹைட்ரேட், அதாவது நீர் சேர்ந்தது. அதில் 82.5 கிராம் போட வேண்டும். 75 போட்டால் உள்ளே போவது 68 தான். 145 வர வேண்டியவர் 138 வந்து "நார்மல்" என்று வீட்டுக்குப் போவார். பாக்கெட்டின் பின்பக்கம் எது என்று படியுங்கள். மணமூட்டியது, வைட்டமின் சேர்த்தது வேண்டாம்.

தண்ணீர் 250–300 மி.லி., 5 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். 2 மணி நேரம் முதல் மடக்கிலிருந்து எண்ண வேண்டும், முடித்த நேரத்திலிருந்து அல்ல. நடுவில் வாந்தி எடுத்தால் சோதனை ரத்து, இன்னொரு நாள். உட்கார்ந்தே இருக்க வேண்டும். "ரெண்டு மணி நேரம் இருக்கே, மார்க்கெட் போய்ட்டு வந்துடறேன்" என்று போனால் தசை குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், அளவு இறங்கிவிடும். காபி, பீடி, சிகரெட் கூடாது.

முந்தைய இரவு 8 முதல் 14 மணி நேரம் வெறும் வயிறு. அதற்கு முந்தைய 3 நாளும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து உள்ளே போயிருக்க வேண்டும்.

ரத்தம் எடுத்த பின் நடப்பது இன்னும் மோசம். சாதாரண டியூபில் அறை வெப்பத்தில் வைத்தால் ரத்த அணுக்களே மணிக்கு 5 முதல் 7% குளுக்கோஸைத் தின்றுவிடும். சாம்பல் மூடி ஃப்ளூரைடு டியூபும் முதல் ஒரு மணி நேரத்தில் முழுதாகக் காப்பாற்றாது, ஃப்ளூரைடு தடுப்பது கடைசிப் படிகளில் உள்ள நொதியை. பனிக்கட்டியில் வைத்து 30 நிமிடத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிப்பது, அல்லது சிட்ரேட் கலந்த டியூப், இதுதான் வழி. கிளையில் எடுத்து மாலை வண்டியில் மெயின் லேபுக்கு அனுப்புகிற இடத்தில் 2 மணி நேர அளவை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

குறுக்குக்கேள்வி:
வீட்லயே குளுக்கோமீட்டர்ல விரலைக் குத்திப் பார்க்கலாமே?

சோதனைக்குழாய்:
குளுக்கோஸ் குடித்த பின் விரல் நுனி ரத்தத்தில், லேபில் கையிலிருந்து எடுக்கும் சிரை ரத்தத்தைவிட அளவு அதிகம். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் விரல்நுனிப் பிளாஸ்மாவுக்கு எல்லையையே மாற்றி வைத்தது: 140-க்குப் பதில் 160, 200-க்குப் பதில் 220. மீட்டருக்கே ஏற்றத்தாழ்வு உண்டு. வடிகட்ட உதவும், முத்திரை குத்த உதவாது.

கர்ப்பிணிகளுக்குச் செய்யும் வெறும் வயிறு தேவைப்படாத ஒற்றைச் சோதனையையும் இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். குளுக்கோஸ் அதே 75 கிராம், நோக்கம் வேறு.

பத்தியம்:
அந்த 150 கிராம் மாவுச்சத்து விஷயத்தைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்றேன், இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. பேலியோ மாதிரி உணவுல இருக்குறவர் அப்படியே போய் இந்தச் சோதனை செஞ்சா பொய்யா ஏறிக் காட்டும். சமைச்ச சோறு 100 கிராம்ல சுமார் 28 கிராம் மாவுச்சத்து. 150-ன்னா ஒரு நாளைக்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல சோறு, இல்லை அதுக்குச் சமமா இட்லி, சப்பாத்தி. மூணு நாள் வழக்கமாச் சாப்பிட்டுட்டுப் போனா போதும்.

தினசரிக்கும் இதே கணக்குதான். "ஒரு கப்"னு சொல்லாதீங்க. ஒருத்தர் வீட்டுக் கப்பு இன்னொருத்தர் வீட்டுச் சொம்பு. சமையல் தராசுல ஒரே ஒரு வாரம் நிறுத்துப் பாருங்க. அரிசி 100 கிராம் வெந்தா 280 முதல் 300 கிராம் சோறு ஆகும். தட்டுல வைக்குறது 300 கிராம்னா உள்ளே போறது 84 கிராம் மாவுச்சத்து. அந்தச் சோத்தை 150 கிராமாக்கி, மீதி இடத்தைக் கீரை, பொரியல், சுண்டல், முட்டை, மீன் பிடிச்சுக்கட்டும். காயும் பருப்பும் முதல்ல, சோறு கடைசில சாப்பிட்டா ஏற்றம் தணியுதுன்னு சின்ன ஆய்வுகள் காட்டியிருக்கு. செலவில்லாத மாற்றம்.

ராகிக் கஞ்சியை நம்பி ஏமாறாதீங்க. நைசா அரைச்ச மாவைக் கூழாக் காய்ச்சினா வேகமா ஏறும். முழுத் தானியமா வேகவச்சாத்தான் சிறுதானியத்துக்கு மரியாதை.

நடை: ஒரே தடவையா அரை மணி முடியலைன்னா மூணு வேளையும் சாப்பிட்ட பிறகு 15 நிமிஷம். வயசானவங்க கிட்ட 2013-ல நடந்த ஒரு ஆய்வுல இது காலை 45 நிமிஷ நடைக்குக் குறையாம சர்க்கரையைக் கட்டுப்படுத்துச்சு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் நல்லா.

அளவுகோல்:
ஃபாஸ்டிங் மட்டும் உயர்ந்தவர்களுக்கு என்னதான் ஆதாரம்?

கணக்கன்:
சென்னையிலேயே நடந்த இன்னொரு ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. டி-கிளிப், 2016, 578 பேர், டாக்டர் மோகன் குழுவும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும். முதலில் வகுப்புகள், 4 மாதத்துக்குப் பின் ஆபத்து அதிகமிருந்தால் மெட்ஃபார்மின் 500 மி.கி. இரு வேளை. 3 ஆண்டில் 34.9%-க்கு 25.7%. மொத்தத்தில் 32% குறைவு. பிரித்துப் பார்த்தால், 2 மணி நேர அளவு மட்டும் உயர்ந்தவர்களுக்கு 31%, இரண்டும் உயர்ந்தவர்களுக்கு 36%, ஃபாஸ்டிங் மட்டும் உயர்ந்தவர்களுக்கு 12%. சோதனைக்குழாய் சொன்னது இதைத்தான். அந்த 12% தற்செயலிலிருந்து பிரிக்க முடியாதது.

ஆனால் ஒருவருக்குத் தடுக்க எத்தனை பேர் என்பதில் டி-கிளிப்பின் 9.8-ஐயும் 2006-இன் 6.4-ஐயும் பக்கத்தில் வைத்து "பழைய ஆய்வே மேல்" என்று யாரும் எழுத வேண்டாம். ஒப்பீட்டுக் குழுவின் வேகமே 55-க்கு 34.9. கீழே உள்ள எண் மாறினால் மேலே வருவதும் மாறும்.

குறுக்குக்கேள்வி:
எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்த ஆய்வும் ராமச்சந்திரன் குழுவோடதுதானே?

அளவுகோல்:
ஆமாம், 2013, லேன்செட் குழும இதழ். 537 ஆண்கள், எல்லோருக்கும் தொடக்கத்தில் நேரடி அறிவுரை, பாதிப் பேருக்கு அதன் பிறகு 2 ஆண்டு தொடர்ந்து குறுஞ்செய்தி. 27%-க்கு 18%. 11 பேருக்கு ஒருவர். பெண்களே இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

செலவுக் கணக்கும் 2007-இல் போட்டார்கள். ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க வாழ்க்கை முறைக்கு 1,052 டாலர், மெட்ஃபார்மினுக்கு 1,095, இரண்டுக்கும் 1,359. கூடுதல் பலன் இல்லாத இடத்தில் கூடுதல் செலவு. என்னைப் பொறுத்தவரை "ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிச்சுடுவோம்" என்கிற பழக்கத்துக்கு எதிரான வலுவான வாதம் இது.

மாத்திரைச்சீட்டு:
ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. நடக்க முடியாதவர், மூட்டு தேய்ந்தவர், கர்ப்பத்தில் சர்க்கரை வந்துபோனவர், இவர்களுக்கு மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கொடுப்பதானால் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே, ஒரு வேளை 250-இல் தொடங்கி ஒரு வாரம் கழித்து இரு வேளை. வயிற்றுப்போக்குக்குப் பாதிக் காரணம் வேகமாக ஏற்றுவதுதான். எஸ்ஆர் (மருந்தை மெதுவாக விடும்) மாத்திரையை உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது. மலத்தில் மாத்திரைக் கூடு வந்தால் மருந்து இறங்காமல் போனதாக அர்த்தமில்லை, அது வெறும் உறை.

தொடங்கும் முன் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) கணக்கிட வேண்டும். 30-க்குக் கீழ் கூடாது, 30–45-இல் புதிதாகத் தொடங்கக் கூடாது. ஆண்டுக்கணக்கில் தொடர்பவருக்கு வைட்டமின் பி12 அளவு பார்க்க வேண்டும், சைவர்களுக்குக் கண்டிப்பாக. கால் எரிச்சலை "சுகர் நரம்பு" என்று தள்ளிவிட்டு பி12-ஐப் பார்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.

குறுக்குக்கேள்வி:
கடைசியா ஒண்ணு. மெட்ஃபார்மின் சாப்பிட்டுக்கிட்டே இந்த 75 கிராம் சோதனை செஞ்சு 135 வந்தா, ப்ரீ-டயாபடீஸ் (சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை) போயிடுச்சுன்னு அர்த்தமா?

மாத்திரைச்சீட்டு:
இல்லை. மருந்து மூடிவைத்திருக்கலாம். அமெரிக்க ஆய்வு முடிந்ததும் 1 முதல் 2 வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தார்கள். அதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 31% என்றிருந்த தடுப்பு 25% ஆனது. மீதி அந்த நேரத்தில் ரத்தத்தில் இருந்த மருந்தின் வேலை. உண்மை நிலை தெரிய வேண்டுமென்றால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லி அவர் ஒப்புதலோடு அதேபோல் இடைவெளி விட்டுச் செய்ய வேண்டும்.

சோதனைக்குழாய்:
செய்யும்போது சீட்டில் "மெட்ஃபார்மின் நிறுத்தி இத்தனை நாள்" என்று எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியாது. பாக்கெட்டில் 75-ஆ 82.5-ஆ என்பதையும்.